நாமக்கோழி எண் 2117

பேச்சியப்பனின் பதவிக்கு அரசாணையில் இட்டிருந்த பெயர் உயிர்ச்சான்று உதவியாளர், நிலை மூன்று. நிலை ஒன்றும் இரண்டும் யாரென்று ஐந்து வருடமாக விசாரித்துக்கொண்டிருக்கிறான். அப்படி யாரும் பிறந்திருப்பதாகவே தெரியவில்லை. வேலை எளிது. பெருவாய் ஏரிக்கரையில் மேயும் நாலாயிரத்துச் சொச்சம் நாமக்கோழிகள், கருப்பு நீர்ப்பறவைகள், உயிரோடுதான் இருக்கின்றன என்று தினமும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கல்லூரியில் எரிமலைப் பாறைகள் என்ற தாளில் மூன்று முறை தோற்றவன் அவன். தலைமையகம் அவனை எரிமலைக்கே அனுப்பிவைத்ததில் பழிவாங்கும் எண்ணம் எதுவும் இல்லை என்று பின்னர் எழுத்துமூலம் தெரிவித்தது.

கடல் ஏறித் தோமையார்குறிச்சியை விழுங்கிய பிறகு, அந்த ஊரின் நாற்பது குடும்பங்கள் இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தன. எரிமலைத் தீவு வேண்டுமென்று வேறு யாரும் மனுப் போடாததால் மனு ஒரே நாளில் ஏற்கப்பட்டது. என்றோ வெடித்து உள்ளே இடிந்து விழுந்த மலையின் வாயில் மழைநீர் நிரம்பி ஏரியாகியிருந்தது. சுற்றிலும் கரும்பாறைச் சுவர். ஏரி முழுக்க நுரைக்கற்கள், கல்லாகப் பிறந்தும் மூழ்கத் தெரியாதவை, மிதந்துகொண்டிருக்கும். மற்ற ஊர்களில் குதிகால் தேய்க்கிற அந்தக் கல்லை இவர்கள் வலைக்கு மிதவையாகக் கட்டிக்கொண்டார்கள். வெந்நீர் ஊற்றில் முட்டை அவித்தார்கள். மண்ணைக் கிளறினால் சாம்பல் அடுக்கு, அதன் கீழ் கருப்புக் கண்ணாடிக்கல், மறுபடி சாம்பல். மலை எத்தனை தடவை கோபப்பட்டது என்பதை அதுவே எழுதிவைத்திருந்தது.

உச்சியில் பறவைகளைக் கண்காணிக்கும் நிலையம். அதற்கு மேடு என்று பெயர். கீழே ஏரியோரத்தில் ஊர். இரண்டுக்கும் நடுவே கோரைப் புல் மண்டிய சதுப்பு. அதுதான் பள்ளம். நாமக்கோழிகள் மேயும் இடம், உடும்புகள் வெயில் காயும் இடம், ஊருக்கு எமன் வருகிற வழியும் அதுதான்.

ஏற்கெனவே ஒரு முறை வந்து போன அந்த எமன் யாரென்று ஊருக்கு விளக்கியவள் ஜெபசெல்வி. நாசரேத்துக்காரி, தரவு ஆய்வாளர், பேச்சியப்பனுக்குச் சம வயது. எட்டு மாதம் முன்பு பொறுப்பேற்ற அன்றே ஊர்க்கூட்டத்துக்குக் கையில் ஒரு கோலி சோடாவோடு போனாள். ஊருக்குத் தலைவி மாதிரி இருந்த சூசையம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"இதைக் குலுக்கி உடைச்சா என்ன ஆகும்?" என்று கேட்டாள் ஜெபசெல்வி.

"பொங்கும். இதைக் கேக்கவா படகுல வந்திய?"

"ஏரிக்கு அடியிலயும் பாறை வெடிப்புலயும் இதே சோடா காத்துதான் இருக்கு. கரியமில வாயு. கீழ நெருப்புக் குழம்புலேருந்து வந்துகிட்டே இருக்கு. நிறம் கிடையாது. நம்ம காத்தைவிடக் கனம். மறுபடி என்னைக்காவது பொங்குச்சுன்னா, தண்ணி மாதிரி தரையோட தரையா பள்ளத்துல வழிஞ்சு ஊருக்கு வரும். முதல்ல முட்டி உயரம், அப்புறம் இடுப்பு, அப்புறம் தலை."

"அப்போ படுத்துக் கிடக்கிறவன் முதல்ல போவான்."

"ஆமா. நாமக்கோழி அதுக்கும் முன்னாடி."

கருவிகளை நட்டுப் பார்க்கவில்லையா என்று யாரோ கேட்டார்கள். நட்டார்கள். கந்தக ஆவி அவற்றை இரண்டு மாதத்தில் அரித்துத் தின்றது. வாயுவும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு வெடிப்பிலிருந்து வந்தது. நாமக்கோழியோ பள்ளம் முழுக்க நடந்து மேய்கிறது. அடிபட்டால் தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது. முட்டையிட்டு மாற்றுக் கருவியையும் தருகிறது.

"டெண்டர் இல்லாம," என்றான் பின்னால் நின்ற பேச்சியப்பன்.

ஒவ்வொரு பறவையின் கழுத்துத் தோலுக்கடியிலும் அரிசி அளவில் ஒரு சில்லு. உடம்புச் சூட்டிலேயே மின்சாரம் எடுத்துக்கொண்டு நாடித்துடிப்பை மேட்டிலிருக்கும் கணினிக்கு அனுப்பும். ஒரு பறவை விழுந்தால் பருந்து தூக்கியிருக்கும் என்று கணினி கண்டுகொள்ளாது. அந்த நேரம் பள்ளத்தில் இருக்கும் பறவைகளில் மூன்றில் ஒரு பங்கு சேர்ந்து தடுமாறினால் சங்கு ஊதும். சங்கு ஊதியதிலிருந்து வாயு ஊரை எட்ட ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்தை ஊருக்கு வாங்கித் தருவதற்காகச் சில நூறு பறவைகள் செத்திருக்கும். இந்தப் பகுதியைச் சொல்லும்போது ஜெபசெல்வி சோடா பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச்சியப்பனுக்கு இது விளக்கத் தேவையில்லாத விஷயம். வேலையில் சேர்ந்த முதல் மாதம், பணி நேரத்தில், பள்ளத்துப் புல்லில் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். சங்கு எழுப்பியது. கண்ணைத் திறந்தபோது ஒரு முழத் தூரத்தில் ஒரு நாமக்கோழி பக்கவாட்டில் கிடந்தது. நெற்றியில் வெள்ளை நாமம், காலில் வளையம், வளையத்தில் 2117. அவன் ஓடினான். ஊரும் ஓடியது. முந்நூற்றுப் பன்னிரண்டு பறவைகள் செத்தன. மனிதர்கள் ஒருவர்கூட இல்லை.

வாயு வடிந்ததும் 2117-ஐத் தேடிப் போய்ப் பள்ளத்திலேயே குழி தோண்டிப் புதைத்தான். சில்லைக் கழற்றி அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. கழற்றினான். படிவத்தில் 'கிடைக்கவில்லை' என்று எழுதினான். ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த பேச்சியம்மன் கோயில் விபூதியோடு சேர்த்து ஒரு துணியில் முடிந்து, கருப்புக் கயிற்றில் இடது புஜத்தில் கட்டிக்கொண்டான். தாயத்துக்குள் என்ன என்று யாராவது கேட்டால் விபூதி என்பான். பாதி உண்மைதானே.

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டின் முதல் கைப்பிடியை மேட்டுப் பாறையில் வைத்தான். அவன் வீட்டில் காகத்துக்கு வைப்பார்கள். தீவில் காகம் கிடையாது. முதல் நாள் மூன்று நாமக்கோழிகள் வந்தன. பத்தாம் நாள் முப்பது. சூசையம்மா ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டு, "ஏ கோழிக்காரா, நன்றி உனக்கு மட்டுந்தான் சொந்தமால?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதற்கடுத்த நாளிலிருந்து நாற்பது வீட்டுச் சோற்றின் முதல் கரண்டியும் ஒரு தூக்குவாளியில் மேட்டுக்கு வந்தது. ஐந்து வருடம் ஒருநாள் தவறவில்லை. புயலன்றுகூட வாளி வந்தது, மூடியோடு.

இந்த நன்றிதான் ஊரைக் கொல்லப் பார்க்கிறது என்று கண்டுபிடித்தவளும் ஜெபசெல்விதான்.

ஒரு திங்கட்கிழமை அவனைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். பள்ளத்தில் எத்தனை பறவைகள் என்று காட்டும் கோடு நாள் முழுக்க உயரத்தில் ஓடிற்று. பன்னிரண்டரைக்குக் கிணற்றில் விழுந்தாற்போல் விழுந்தது. ஒன்றேகாலுக்கு மறுபடி ஏறியது.

"இது என்ன பேச்சி?"

"சாப்பாட்டு நேரம் மேடம்."

"முக்கால் மணி நேரம் பள்ளத்துல ஒரு பறவை கிடையாது. எல்லாம் மேட்டுல நின்னு உங்க சாம்பார் சாதம் சாப்பிடுது. அந்த நேரத்துல வாயு வந்தா விழுறதுக்கு ஆளில்ல. சங்கு ஊதாது. ஊர்ல நூத்தி அறுபத்திமூணு பேரும் அப்ப சாப்பிட உட்கார்ந்திருப்பாங்க. தரையில."

பேச்சியப்பன் திரையையே பார்த்தான். ஐந்து வருடம் அவன் தினமும் கையெழுத்துப் போட்டது காலை ஒன்பது மணிக்கு. மதியம் யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை.

"நான் தலைமையகத்துக்கு எழுதித்தான் ஆகணும்," என்றாள் அவள். குரல் தாழ்ந்திருந்தது. "இன்னொண்ணு. பட்டியல்ல ஒரு பிசகு. 2117 அஞ்சு வருஷம் முன்னாடி செத்ததுன்னு பதிவு இருக்கு. ஆனா துடிப்பு வந்துகிட்டே இருக்கு."

அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "உயிரோடயா?"

"அதை உயிர்னு சொல்றதா என்னன்னு தெரியல. நாமக்கோழிக்கு நாடி இருநூறுக்கு மேல அடிக்கும். இதுக்கு எழுபத்திரெண்டு. பறக்கிறதில்ல. மேட்டை விட்டு அதிகம் இறங்குறதில்ல. ராத்திரி எட்டு மணி நேரம் தூங்குது. ஞாயித்துக்கிழமை பத்து மணி நேரம். எட்டு மாசமா ஒரு புது வியாதி வேற, தினம் காலைல ஒன்பது மணிக்கு டாண்ணு துடிப்பு எகிறுது."

"வயசாயிருக்கும் மேடம்."

"இல்லாத பறவைக்கு என்ன வயசு. சில்லு கோளாறு. எண்ணையே நீக்கிடலாம்னு இருக்கேன்."

"ஒரு வாரம் விடுங்க," என்றான் அவசரமாக. "பத்தாம் தேதி அதுக்கு நினைவு நாள். அது முடியட்டும். அதுவரைக்கும் இருந்துட்டுப் போவட்டும்."

ஜெபசெல்வி அவனை விநோதமாகப் பார்த்தாள். பிறகு சுட்டியிலிருந்து கையை எடுத்தாள். அன்று மதியம் பேச்சியப்பன் பாறையில் வழக்கத்தைவிட ஒரு கைப்பிடி அதிகம் வைத்தான். ஒரு ஆவி ஞாயிற்றுக்கிழமை பத்து மணி நேரம் தூங்குகிறது என்பது அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது. நல்லவேளை, செத்த பிறகாவது ஓய்வு கிடைத்திருக்கிறது.

தலைமையகத்தின் பதில் மூன்றே நாளில் வந்தது. அங்கிருந்து எதுவும் மூன்று நாளில் வந்ததாக வரலாறு இல்லை. பறவைகளுக்கு உணவு வழங்குவது உடனடியாக நிறுத்தப்பட வேண்டும். மேட்டுக்கு வரும் பறவைகளைப் பணியிடத்துக்குத் திருப்பி அனுப்புவது உயிர்ச்சான்று உதவியாளர், நிலை மூன்றின் பொறுப்பு. பள்ளத்தில் பறவையில்லாத நேரத்தில் விபரீதம் ஏதும் நேர்ந்தால் அதற்கும் அவரே பொறுப்பு.

வாளியைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது சூசையம்மா வாங்க மறுத்தாள்.

"நமக்காகச் சாவுற சீவனுக்கு ஒரு கரண்டி சோறு கூடாதுன்னு எவம்ல சொன்னது?"

"மேல இருந்து வந்திருக்கு."

"மேலன்னா, கடவுளா?"

"அவரா இருந்தா பேசிப் பாக்கலாம். இது தலைமையகம்."

பிறகு கோடு விழுந்த கதையை அவளுக்குச் சொன்னான். சூசையம்மா திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள். அவளுடைய பேரப்பிள்ளைகள் நான்கு பேர் உள்ளே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாளியை வாங்கிக்கொண்டாள்.

சோறு நின்றது. ஆனால் பறவைகளுக்கு உத்தரவின் நகல் அனுப்பப்படவில்லை. பன்னிரண்டரைக்கு நாலாயிரமும் மேட்டுக்கு வந்தன. காலிப் பாறையைச் சுற்றி நின்று அவன் கதவையே பார்த்தன. ஒன்றேகாலுக்குப் போகவில்லை. இரண்டு மணிக்கும் போகவில்லை. சாப்பாடு தாமதம் என்று நினைத்துக்கொண்டு மூன்றுவரை மரியாதையாகக் காத்திருந்தன. முக்கால் மணி நேரமாக இருந்த ஓட்டை இரண்டரை மணி நேரமாக அகன்றது. பேச்சியப்பன் துண்டை வீசி விரட்டினான். நான்கடி நகர்ந்து நின்று மறுபடி கதவைப் பார்த்தன. சாகப் போங்கள் என்று தன்னைக் காப்பாற்றியவர்களிடமே சொல்கிறோமே என்று நினைத்தபோது கை துண்டோடு அப்படியே நின்றுவிட்டது.

"பள்ளத்துலயே சோறு வச்சுப் பாருங்க," என்றாள் ஜெபசெல்வி. "நிறுத்தணும்னுதான் உத்தரவு. இடம் மாத்திக் குடுத்து மெதுவா நிறுத்தினோம்னு எழுதிக்கிறேன். எனக்கும் அதுங்களைப் பட்டினி போட மனசில்ல."

பத்தாம் தேதி. சூசையம்மா நாற்பது வீட்டுச் சோற்றையும் அனுப்பியிருந்தாள். பன்னிரண்டே முக்காலுக்குப் பேச்சியப்பன் வாளியைக் கரண்டியால் தட்டிக்கொண்டே பள்ளத்துக்கு இறங்கினான். ஐந்து வருடம் அந்தச் சத்தத்துக்கு ஓடி வந்த பறவைகள் பாறை விளிம்புவரை வந்தன. அங்கேயே நின்றன. ஒன்றுகூட இறங்கவில்லை.

"வாங்க, இன்னைக்கு இங்கதான் பந்தி," என்று கூப்பிட்டான். நாலாயிரம் வெள்ளை நாமங்கள் மேலிருந்து அவனைப் பார்த்தன.

சரி, முதல் கைப்பிடி உரியவருக்கு, என்று 2117-ஐப் புதைத்த இடத்தருகே போனான். ஐந்து வருடத்தில் அதன்மேல் கோரை முளைத்திருந்தது. இலையை விரித்தான். சோறு வைக்கக் குந்தினான். மூக்கில் சுருக்கென்று ஒரு காரம். கோலி சோடா புரையேறினால் வருமே, அது. சளி பிடிக்கிறதாக்கும் என்று நினைத்தான். சற்றுத் தள்ளி ஒரு உடும்பு வயிற்றை வானத்துக்குக் காட்டிக் கிடந்தது. சோம்பேறி, என்று அதைப் பற்றியும் நினைத்தான். மூச்சு யாரோ துரத்துவதுபோல் இரைத்தது. கொஞ்சம் உட்காரலாம் என்று தோன்றியது. உட்கார்ந்தான். கொஞ்சம் படுக்கலாம் என்றும் தோன்றியது. வெகு நியாயமான யோசனையாகத்தான் இருந்தது.

சங்கு ஊதியது.

தலை எதையும் யோசிக்கும் நிலையில் இல்லை. கால்கள்தான் ஐந்து வருட ஒத்திகையை மறக்கவில்லை. அவை எழுந்தன, அவனும் கூடவே எழுந்தான். நின்றதும் மார்புக்கு மேலே நல்ல காற்று இருந்தது. விழுந்தும் தவழ்ந்தும் மேட்டைப் பார்த்து ஏறினான். ஏறும்போது ஒன்றே ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. மறுபடியும் யாரோ எனக்காகச் செத்துவிட்டார்கள். சோறு போடுகிறேன் என்று கூப்பிட்டுக் கொன்றுவிட்டேன்.

ஊர் மறுபக்கத்துப் பாதையில் ஏறி வந்தது. பாதி வாயில் சோறோடு, கழுவாத கையோடு. சூசையம்மா ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள். நூற்றி அறுபத்து இரண்டு என்று வந்தது. தன்னைத் தொட மறந்தது நினைவுக்கு வந்து, தன் தலையிலேயே கை வைத்து, "மூணு," என்றாள்.

கீழே பார்த்தார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏரியில் அடித்தண்ணீர் மேலே கிளம்பித் துரு நிறமாக மாறிக்கொண்டிருந்தது. பிறகு சூசையம்மா வீட்டுக் கூரைக்கு மேல் எழுந்துகொண்டிருந்த அடுப்புப் புகை நின்றது. பக்கத்து வீட்டுப் புகை நின்றது. தெரு நெடுக ஒவ்வொரு வீடாக யாரோ வாயால் ஊதி அணைத்துக்கொண்டு போவதுபோல் நாற்பது அடுப்பும் அணைந்தன. ஒரு கைக்குழந்தை பசியில் அழுதது. அந்த அழுகை எல்லோருக்கும் மிகவும் பிடித்திருந்தது.

பேச்சியப்பன் பறவைகளை எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினான். நாலாயிரத்துப் பதினொன்று. காலையில் கையெழுத்துப் போட்ட அதே எண்ணிக்கை. ஒன்றுகூடக் குறையவில்லை.

"அப்போ சங்கு யாருக்கு ஊதிச்சு?" என்று ஜெபசெல்வியிடம் கேட்டான்.

அவள் நிலையத்துக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். திரையில் ஒரே வரி. *பள்ளத்தில் இருந்த பறவைகள்: 1. தடுமாறியவை: 1. நூறு சதவீதம். எண் 2117.*

"மூணுல ஒரு பங்கு விழுந்தா ஊதணும்," என்றாள் அவள். "ஒண்ணுல ஒண்ணு விழுந்திருக்கு. சட்டப்படி ஊதிருச்சு."

அவன் வரியை இரண்டு முறை படித்தான். எரிமலைப் பாறைகள் தாளில் மூன்று முறை தோற்றவனுக்கும் மெல்லப் புரிந்தது. வலது கை தானாக இடது புஜத்துக்குப் போயிற்று.

"அவுத்துக் காட்டுங்க."

காட்டினான். விபூதிக்குள் அரிசி அளவில் சில்லு.

"செத்தது செத்துப்போச்சுன்னுல்லா நினைச்சேன்."

"சூடு கிடைச்சா முழிச்சுக்கும். அஞ்சு வருஷமா உங்க கைச் சூட்டுல இருக்கு." அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "திங்கட்கிழமையே நீக்கியிருப்பேன் பேச்சி. விரல் பொத்தான் மேல இருந்தது. நீங்க நினைவு நாள்னு சொன்னதாலதான்."

"பறவைங்க ஏன் இறங்கலை மேடம்? வாசம் பிடிச்சிருக்குமோ?"

"பாறையில சாப்பிட்டுப் பழகினதாலயும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாதுன்னே அறிக்கையில எழுதப்போறேன்."

வெளியே சூசையம்மா கதவைத் தட்டினாள். எந்தப் பறவை என்று ஊர் கேட்கிறது. அதற்குப் பூசை கொடுக்க வேண்டும். மறைக்க வழியில்லை. பேச்சியப்பன் தாயத்தைக் காட்டி, அரசாங்கச் சொத்தைத் திருடியது உட்பட எல்லாவற்றையும் சொன்னான். சூசையம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்போ இன்னைக்கு விழுந்த கோழி நீதானால?"

"ஆமா."

"சாப்பிட்டியா?"

அப்போதுதான் அவனுக்குப் பசி நினைவுக்கு வந்தது. வாளி பள்ளத்தில் கிடந்தது.

வாயு வடிந்து ஊர் திரும்பிய மறுநாள், நாற்பது வீட்டிலிருந்தும் ஒவ்வொருவர் மேட்டுக்கு வந்து வரிசையில் நின்றார்கள். சில்லு வேண்டுமாம். பறவைகள் மட்டும் ஏன் காவல் நிற்க வேண்டும், ஆளும் நிற்கட்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருந்தது. தாயத்துக்கு ஊர்ப் பாதிரியாரான பங்குச்சாமி சம்மதிக்க மாட்டார் என்பதால், கத்தோலிக்கர் கழுத்தில் போடும் உத்தரியத் துணிக்குள் வைத்துத் தைத்துத் தரும்படி கேட்டார்கள். மதியம் பறவைகள் மேட்டில் சாப்பிடும் முக்கால் மணி நேரமும் நான்கு பேர் முறைபோட்டுப் பள்ளத்தை நடந்து சுற்றுவார்கள். நடந்துகொண்டே இருப்பார்கள், உட்கார மாட்டார்கள். நிற்கிறவனுக்கு ஓட நேரம் உண்டு. பறவைக்கு அது கிடையாது.

ஜெபசெல்வி கையிருப்பிலிருந்த நாற்பது சில்லுகளையும் எடுத்துத் தந்தாள். தலைமையகத்துக்கு அவள் அனுப்பிய அறிக்கை முழுக்க உண்மை. எண் 2117 உயிருடன் உள்ளது. மேலும் நாற்பது எண்கள் மதிய நேரத்தில் பள்ளத்தில் பணியிலிருக்க இசைந்துள்ளன. இவை பறக்காத வகை. உணவு வழங்கலைத் தொடர அனுமதி கோரப்படுகிறது. அனுமதி வந்தது. பறக்காத வகை குறித்து மகிழ்ச்சி தெரிவித்து, அவற்றை இனப்பெருக்கம் செய்ய முடியுமா என்றும் கேட்டிருந்தார்கள்.

கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு ஜெபசெல்வி பழைய பதிவுகளைத் திரையில் விரித்தாள். அன்று அவள் சீக்கிரமே வந்திருந்தாள்; மணி ஒன்பதாக ஐந்து நிமிடம் இருந்தது.

"எல்லாத்துக்கும் விளக்கம் எழுதிட்டேன். ஞாயித்துக்கிழமைத் தூக்கத்துக்குக்கூட. ஒண்ணு மட்டும் பாக்கி. தினம் காலைல ஒன்பது மணிக்குத் துடிப்பு எகிறுதே, அது எதனால?"

"படி ஏறி வாரேன்லா."

"நீங்க எட்டரைக்கே ஏறி வந்துடுறீங்க. ஒன்பது மணிக்கு ஏறி வர்றது நான்."

பேச்சியப்பன் ஜன்னல் வழியே நாமக்கோழிகளைப் பார்க்கத் தொடங்கினான். அவை உயிரோடுதான் இருந்தன. கையெழுத்துப் போட்டான். அவனுக்குப் பின்னால் திரையில் 2117-இன் கோடு எழுபத்திரண்டிலிருந்து கிளம்பி மேலே போய்க்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே, 'காரணம்' என்ற கட்டத்தில் 'ஆரோக்கியமாக உள்ளது' என்று தட்டச்சு செய்தாள்.